வாசலோடு திரும்பியவர்கள்

‘ஆன் அமெரிக்கன் கிரைம்’ படத்தின் கடைசிக் கட்டத்தில் அந்தப் பெண் தப்பித்துவிடுவாள். இருட்டோடு இருட்டாக வீட்டைவிட்டு வெளியேறி, காரில் ஏறி, ஊர் ஊராகப் போய்த் திருவிழாவில் கடை போடும் அப்பா அம்மாவிடம் சேர்ந்துவிடுவாள். பார்ப்பவர்கள் ‘அப்பாடா’ என்று மூச்சுவிட்ட சில நிமிடங்களிலேயே இயக்குநர் டாமி ஓஹேவர் உண்மையைப் போட்டு உடைப்பார். அவள் தப்பிக்கவே இல்லை. அந்த வீட்டுத் தரையில் உயிரற்றுக் கிடக்கிறாள்.

2007-ல் சன்டான்ஸ் பட விழாவில் திரையிடப்பட்ட இந்தப் படத்தில், இன்று எலியட் பேஜ் என்ற பெயரில் அறியப்படும் நடிகர் சில்வியாவாகவும், கேத்தரின் கீனர் அவளைக் கொன்ற கெர்ட்ரூடாகவும் நடித்திருந்தார்கள். அந்தத் தப்பித்தல் இயக்குநரின் கற்பனை. நீதிமன்றக் காட்சிகளின் வசனங்களோ பெரும்பாலும் நிஜக் கொலை வழக்கின் 1966-ம் ஆண்டு விசாரணைப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பதிவேட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும், நிஜம் படத்தைவிடக் கொடியது என்று.

வாரத்துக்கு 20 டாலர்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகர் இண்டியானாபொலிஸ். கிழக்கு நியூயார்க் தெரு, 3850-ம் எண் வீடு. வாடகைக்குக் குடியிருந்தவர் கெர்ட்ரூட் பனிஷெவ்ஸ்கி. வயது 37. ஏழு பிள்ளைகள். மணவாழ்க்கை முறிந்து, துணி இஸ்திரி போட்டும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் கிடைத்த காசில் காலம் தள்ளியவர்.

1965 ஜூலையில் லைக்கன்ஸ் தம்பதி தங்கள் மகள்களில் இருவரை இவர் பொறுப்பில் விட்டுவிட்டுத் திருவிழா வேலைக்குக் கிளம்பினார்கள். இருவரில் மூத்தவள் சில்வியா, 16 வயது. இளையவள் ஜென்னி, போலியோவால் கால் பாதிக்கப்பட்டு இரும்புப் பட்டை மாட்டி நடப்பவள். வாரம் 20 டாலர் அனுப்புவதாகப் பேச்சு. ஒரு வாரம் பணம் வரத் தாமதமாயிற்று. இரண்டு பெண்களுக்கும் அடி விழுந்தது. ‘உங்களைச் சும்மா வைத்துச் சோறு போட்டேனே’ என்பதுதான் கெர்ட்ரூடின் ஆத்திரம்.

அதன்பிறகு அடிக்க எதுவும் காரணமாயிற்று. அக்காவும் தங்கையும் காலி சோடா பாட்டில்களைப் பொறுக்கிக் கடையில் கொடுத்து, கிடைத்த சில்லறையில் மிட்டாய் வாங்கித் தின்றார்கள். ‘திருடினாய்’ என்று அடி. பள்ளியில் விளையாட்டு வகுப்புக்கு உடை வேண்டும் என்று கேட்டாள் சில்வியா. கெர்ட்ரூட் வாங்கித் தரவில்லை. பள்ளியிலிருந்தே ஒன்றை எடுத்து வந்தாள். அதற்கும் அடி. அக்டோபர் தொடக்கத்தில் பள்ளிக்குப் போவதும் நின்றது.

மெல்ல மெல்ல அது ஒருவர் கை வேலையாக இல்லாமல் போனது. கெர்ட்ரூடின் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். அக்கம்பக்கத்துப் பையன்களும் பெண்களும் பள்ளி விட்டதும் அந்த வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அடித்தார்கள், சிகரெட்டால் சுட்டார்கள், கொதிநீரை ஊற்றினார்கள், பட்டினி போட்டார்கள். கடைசி நாட்களில் அவளை நிலவறையில் அடைத்தார்கள். இதற்குமேல் விவரிப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பிரேதப் பரிசோதனையில் எண்ணப்பட்ட காயங்கள் நூற்றைம்பதுக்கும் மேல்.

யார் யார் வந்தார்கள்?

இந்த வழக்கைப் பற்றி எழுதுகிற பலரும் கெர்ட்ரூட் ஏன் அப்படி ஆனாள் என்று ஆராய்கிறார்கள். வறுமை, நோய், மனக்கசப்பு என்று பட்டியல் நீள்கிறது. ஆனால், அதே வறுமையில் அதே தெருவில் வாழ்ந்த எத்தனையோ தாய்மார்கள் யாரையும் கொல்லவில்லை. எனக்கு முக்கியமாகப்படும் கேள்வி வேறு. அந்த மூன்றரை மாதத்தில் அந்த வீட்டு வாசலுக்கு யார் யார் வந்தார்கள்?

பாதிரியார் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குடும்பம் போகும் தேவாலயத்தின் போதகர். சில்வியா மோசமான பெண் என்று கெர்ட்ரூட் கதை கட்டினாள். கேட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டுத் தம்பதி வந்தார்கள். சில்வியாவின் கண் கருத்து வீங்கியிருந்ததைப் பார்த்தார்கள். ‘நான்தான் அடித்தேன்’ என்று கெர்ட்ரூடின் மூத்த மகள் பெருமையடித்ததைக் காதால் கேட்டார்கள். வீட்டுக்குத் திரும்பினார்கள்.

திருமணமாகி அதே நகரில் வாழ்ந்த சில்வியாவின் அக்கா வந்தாள். உள்ளே விடவில்லை.

யாரோ பெயர் சொல்லாமல் கொடுத்த தகவலின் பேரில், அக்டோபர் 15 அன்று சுகாதாரத் துறைச் செவிலியர் வந்தார். அந்த வீட்டில் உடலெல்லாம் புண்ணோடு ஒரு பெண் இருப்பதாகத் தகவல். ‘ஒழுக்கம் கெட்டவள், வீட்டைவிட்டுத் துரத்திவிட்டேன்’ என்றாள் கெர்ட்ரூட். செவிலியர் குறித்துக்கொண்டு கிளம்பினார். சில்வியா அந்த வீட்டுக்குள்ளேதான் இருந்தாள்.

சாவதற்கு முந்தைய நாள் இரவு நிலவறையிலிருந்து மண்வெட்டியால் இடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசித்தார். அதிகாலை மூன்று மணிவாக்கில் ஓசை நின்றது. அவரும் விட்டுவிட்டார். இதை நீதிமன்றத்தில் அவரே சாட்சியாகச் சொன்னார்.

அக்டோபர் 26 அன்று சில்வியா இறந்துபோனாள்.

ஒரு கடிதம், ஒரு கிசுகிசுப்பு

போலீஸ் வந்ததும் கெர்ட்ரூட் ஒரு கடிதத்தை நீட்டினாள். பையன்கள் கூட்டம் ஒன்று தன்னைக் காரில் ஏற்றிப்போய் அடித்ததாக சில்வியாவின் கையெழுத்தில் இருந்தது. ‘திரு, திருமதி லைக்கன்ஸ் அவர்களுக்கு’ என்று அது தொடங்கியது. பெற்ற அப்பா அம்மாவுக்கு எந்த மகள் அப்படி எழுதுவாள்? பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதவைக்கப்பட்ட கடிதம் அது.

அந்தக் குழப்பத்துக்கு நடுவே ஜென்னி காவல் அதிகாரியின் அருகில் நகர்ந்தாள். தன்னை அங்கிருந்து வெளியே கொண்டுபோனால் எல்லாவற்றையும் சொல்வதாகக் காதோடு சொன்னாள். வாயைத் திறந்தால் அக்காவுக்கு நடப்பதே உனக்கும் என்று மிரட்டப்பட்டிருந்த பெண் அவள். அவள் சொன்னதில் வழக்கு திறந்தது.

1966 மே மாதம் தீர்ப்பு வந்தது. கெர்ட்ரூடுக்கு முதல்நிலைக் கொலைக் குற்றத்தில் ஆயுள் தண்டனை. மூத்த மகளுக்கு இரண்டாம்நிலைக் கொலைக் குற்றத்தில் ஆயுள். மகன் ஒருவனுக்கும் அக்கம்பக்கத்துப் பையன்கள் இருவருக்கும் 2 முதல் 21 ஆண்டுகள். பையன்கள் மூவரும் 1968-லேயே வெளியே வந்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் மறுவிசாரணை கிடைத்து, 1971-ல் கெர்ட்ரூட் மீண்டும் குற்றவாளி என்று தீர்ப்பானது. மூத்த மகள் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு 1972-ல் விடுதலையானாள்.

1985-ல் கெர்ட்ரூடுக்குப் பரோல் என்ற செய்தி வந்தபோது இண்டியானா கொதித்தது. விடக் கூடாது என்று 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அப்படியும் அந்த டிசம்பரில் விடுதலை ஆனாள். 1990-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தாள். அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினாள் ஜென்னி, தன் மகிழ்ச்சியை மறைக்காத ஒரு குறிப்போடு. இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியும் ஆறாத வயிற்றெரிச்சல்.

படம் செய்ததும் செய்யாததும்

இதே வழக்கைத் தழுவி ஜாக் கெட்சம் 1989-ல் ‘தி கேர்ள் நெக்ஸ்ட் டோர்’ நாவலை எழுதினார். 2007-லேயே அதுவும் படமாக வந்தது. கதையைச் சொல்பவன் பக்கத்து வீட்டுப் பையன். எல்லாவற்றையும் பார்த்தவன், உரிய நேரத்தில் வாய் திறக்காதவன். கதை நடக்கும் ஊரையும் காலத்தையும் மாற்றிய அந்தப் புனைவு, இந்த ஓர் இடத்தில் உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது. ஓஹேவரின் படம் பார்ப்பவரைக் கொலையாளியின் மனதுக்குள் அழைத்துப் போகிறது. கெட்சமின் கதை பார்ப்பவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது. தைரியமான படைப்பு எது என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பார்த்தவர்கள் வாய் திறக்க வேண்டும் என்பது திரைக்கு வெளியே சட்டமாகவே வந்தது. சில்வியா இறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1962-ல், ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவர், குழந்தைகளின் உடலில் காணப்படும் பல காயங்கள் தற்செயலானவை அல்ல, அடியால் வந்தவை என்று மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டினார். அதைத் தொடர்ந்து 1967-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் குழந்தைக் கொடுமையைத் தெரிவிக்கும் சட்டங்கள் வந்தன. பல மாநிலங்கள் அந்தக் கடமையை மருத்துவர், ஆசிரியர் போன்றோரிடம் ஒப்படைத்தன. இண்டியானாவில் இன்று அது ஒவ்வொருவர் கடமை. சந்தேகம் இருந்தும் சொல்லாமல் இருந்தால் குற்றம்.

ஆனால், சட்டம் வாசல்வரைதான் ஆளை அனுப்பும். பாதிரியாரும் செவிலியரும் கெட்டவர்கள் அல்லர். விசாரிக்கத்தான் போனார்கள். அடித்தவளிடமே கேட்டு, அவள் சொன்ன பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள் என்பதே பிழை. அவர்களில் யாராவது ஒருவர், ‘பெண்ணைக் கண்ணால் பார்க்காமல் போகமாட்டேன்’ என்று நின்றிருந்தால் போதும்.

ஒரு குழந்தையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் பெரியவர்களின் விளக்கத்தோடு திருப்திப்படாதீர்கள். குழந்தையைப் பாருங்கள், தனியே பேசவிடுங்கள். முடியாவிட்டால், இந்தியாவில் இருப்பவர்கள் 1098-ஐ அழையுங்கள். சந்தேகம் தப்பாகப் போனால் ஒரு வீட்டாரின் கோபம் மிஞ்சும், அவ்வளவுதான்.