மணமின்றி இணைந்து வாழ்ந்தோர் பிரிவும் சொத்துரிமையும்: கடலூர், சிதம்பரம் நீதிமன்ற எல்லைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மணம் புரியாமல் இணைந்து வாழ்ந்த இருவர் பிரியும்போது அவர்களின் சொத்தைப் பங்கிடுவதற்கெனத் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இல்லை. வீட்டில் தங்கும் உரிமையை ஒரு சட்டமும், வீட்டின் உடைமையை வேறு சட்டங்களும் முடிவு செய்கின்றன. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

தங்கும் உரிமை

2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, 'திருமணத் தன்மையிலான உறவில்' வாழ்ந்த பெண்ணையும் உள்ளடக்குகிறது. பொருளாதார வன்முறை உள்ளிட்ட வன்முறைக்கு உள்ளான பெண், உறைவிட ஆணையும் (பிரிவு 19) பண நிவாரணமும் (பிரிவு 20) கோரலாம். கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் இத்தகைய உறவுக்கு நான்கு கூறுகளை வகுத்தது. சமூகத்தின்முன் கணவன் மனைவி போல் விளங்குதல், உரிய வயது, மணம் புரியத் தடையின்மை, கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்தல் என்பன அவை. ஆண் மணமானவர் என அறிந்தே உடன் வாழ்ந்த பெண்ணுக்கு இந்திரா சர்மா வழக்கில் (2013) இப்பாதுகாப்பு மறுக்கப்பட்டது.

உடைமை உரிமை

உறைவிட ஆணை வீட்டை எவருக்கும் உடைமையாக்குவதில்லை. கிரயப் பத்திரம் இருவர் பெயரிலும் இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி அவரவர் செலுத்திய தொகையின் விகிதத்தில் பங்கு அமையும். அவ்விகிதத்திற்குச் சான்று இல்லையெனில் சமபங்கு எனக் கொள்ளப்படும்.

ஒருவர் பணம் தர, மற்றவர் பெயரில் மட்டும் பத்திரம் பதிவானால் சிக்கல் மிகும். பினாமி பரிவர்த்தனைத் தடைச் சட்டம், 1988, பிரிவு 4, பணம் கொடுத்தவர் சொத்தைக் கோரி வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், தம் அறியப்பட்ட வருவாயைக் கொண்டு கணவன், மனைவி, பிள்ளை பெயரில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. மணமாகாத துணையை அவ்விலக்கு குறிப்பிடவில்லை. ஆகவே, மனைவி முன்வைக்கக்கூடிய வாதம் உடன் வாழ்ந்தவருக்கு எளிதில் கிட்டுவதில்லை.

பத்திரத்தின் வலிமையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று காட்டுகிறது. மணமான ஆண் ஒருவர், தம்முடன் வாழ்ந்த பெண்ணுக்கு எழுதிய செட்டில்மெண்ட் பத்திரத்தை அவர் இறந்தபின் ரத்து செய்தார். நீதிமன்றம் அவ்வுறவை மணமாக ஏற்காமல், சொத்து பெண்ணின் தந்தைக்கே சேரும் என்றது. உறவு தராத உரிமையைப் பத்திரம் தந்தது.

வழக்கிடும் இடம்

சிதம்பரத்தில் சேர்ந்து வாழ்ந்த பெண் பிரிந்தபின் கடலூரில் தங்கினால், தற்காலிக வசிப்பாயினும், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி கடலூர் நீதித்துறை நடுவரிடமே மனுச் செய்யலாம். சிதம்பரத்து வீட்டில் பங்கு கோரும் வழக்கை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, சொத்து அமைந்துள்ள எல்லையின் உரிமையியல் நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும். ஒரே பிரிவு, இரு ஊர்களில் இரு வழக்குகளாகலாம்.

முடிவுரை

தங்கும் உரிமைக்கு உறவின் தன்மையும், உடைமைக்கு ஆவணமும் அடிப்படையாகின்றன. வீட்டுச் செலவையும் உழைப்பையும் மட்டுமே அளித்தவருக்கு உடைமைப் பங்கு தரும் விதி இன்னும் இயற்றப்படவில்லை. அதுவரை, இருவர் பெயரிலான பத்திரமும் வங்கிவழிப் பணப் பரிமாற்றச் சான்றுமே பிரிவின்போது துணைநிற்கும்.