பழைய லோடு வண்டி வாங்குமுன் பார்க்க வேண்டியவை



தலத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர் பலருக்கும் சொந்தமாக ஒரு லோடு வண்டி வாங்கும் எண்ணம் உண்டு. காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 20 கிலோமீட்டர்தான். கும்பகோணமும் காலையில் போய் மாலைக்குள் திரும்பும் தூரமே. வாடகை வண்டிக்குக் காத்திருந்து சரக்கு எடுப்பதைவிடச் சொந்த வண்டி மேல் என்று தோன்றுவது நியாயமே. புது வண்டியின் விலையைக் கேட்டதும் பழைய வண்டிப் பக்கம் மனம் போகிறது. அதிலும் பழைய மகிந்திரா ஜீப் பிக்கப், மெட்டடோர், டாடா 207 என்றால் நம்மில் சிலருக்குத் தனிப் பிரியம். ஆறு நாள் சரக்கு ஏற்றலாம், ஏழாம் நாள் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய் வரலாம் என்று கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கில் எது சரி, எது தவறு என்பதை இங்கே விளக்குகிறோம்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், பிறகு பெயிண்ட்டைப் பார்க்கிறார்கள், கடைசியாகத்தான் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் இறக்கலாம். சேசிஸ் இற்றுப்போனால் வண்டியே போயிற்று. பேப்பர் சரியில்லை என்றாலோ, நல்ல வண்டியும் கொட்டகையில்தான் நிற்கும்.

எடைக் கணக்கு

நமக்கு எத்தனை மூட்டை ஏற்ற வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெற்று எடையும், பாரத்தோடு கூடிய மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சட்டப்படி நாம் ஏற்றக்கூடிய பாரம். டிரைவரும் உடன் வருபவரும் அந்தக் கணக்கில் அடக்கம். 2005ல் வந்த டாடா ஏஸ் சுமார் 750 கிலோ தாங்கும். அதாவது 50 கிலோ மூட்டை 15. 2011ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் சுமார் 1,250 கிலோ, அதாவது 25 மூட்டை. "கொஞ்சம் கூட ஏற்றினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. 2019 செப்டம்பர் முதல் அதிக பாரத்துக்குச் சட்டம் சொல்லும் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பல மாத வாடகை மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி பெர்மிட் தேவையில்லை. எந்தப் பக்கம் போனாலும் சில கிலோமீட்டரில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்துவிடும் நமக்கு இது பெரிய வசதி. ஆனால் பெர்மிட் விலக்கு வேறு, வரி விலக்கு வேறு. எல்லை தாண்டி ஓட்டுவதற்கான வரி பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பேப்பர்

நம் பக்கம் விலைக்கு வரும் வண்டிகளில் நாகப்பட்டினம் டி.என். 51, மயிலாடுதுறை டி.என். 82, கும்பகோணம் டி.என். 68 பதிவுகளைப் பார்க்கலாம். இவற்றைக் காரைக்காலுக்குரிய பி.ஒய். 02 பதிவுக்கு மாற்ற வேண்டுமானால், பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அது படிவம் 28. உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. வண்டி ஃபைனான்சில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35. இவை கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, ஃபைனான்ஸ் விவரங்களையும் நிலுவை அபராதங்களையும் பார்க்கலாம். புரோக்கர் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

இன்சூரன்சை நம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம் பழைய வண்டியை விற்கும்போதும் இதே கவனம் தேவை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும், விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டு வழக்கு நம் வாசலுக்கே வரும்.

"15 வருடம் ஆனால் அரசாங்கம் வண்டியைப் பிடுங்கி உடைத்துவிடும்" என்ற பேச்சு கடைத்தெருவில் உண்டு. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டியதும் பதிவை இழப்பவை அரசுக்குச் சொந்தமான வண்டிகள். நம் வண்டி எஃப்.சி. பெறும் வரை ஓடலாம். ஆனால் எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். வயது ஏற ஏற அதற்கான கட்டணமும் ஏறும். வாங்கும் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சேசிஸ்

நம் ஊர் கடற்கரை ஊர். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் இற்றுப்போகும். மீன் ஏற்றிய வண்டி என்றால் இன்னும் மோசம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் ஒழுகி ஒழுகி அடிப்பாகத்தை அரித்திருக்கும். அதன் வாடை பலகையில் ஊறியிருந்தால் தேயிலையும் பருப்பும் அந்த வாடையை வாங்கிக்கொள்ளும். வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பிரிங் பட்டைகள் சேசிசோடு சேரும் இடங்களையும் கேபினுக்குப் பின்புறத்தையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். அடியில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். சேசிஸ் எண் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் நீரில் நின்றன. சீட்டுக்கு அடியிலும் ஒயர் கட்டுகளிலும் வண்டல் படிந்திருந்தால் அப்படிப்பட்ட வண்டி என்று கொள்ளலாம்.

எஞ்சின்

குளிர்ந்த எஞ்சினை நம் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் இறங்குகிறது. பழைய வண்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார் என்பது பெரிய வசதிதான். ஆனால் மெட்டடோர் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பார்ட் கிடைக்காமல் வண்டி பத்து நாள் நின்றால், நம் கடையும் பத்து நாள் தடுமாறும். தினசரி ஓட்டத்துக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் காரைக்காலிலோ கும்பகோணத்திலோ கிடைக்கும் வண்டியையே தேர்ந்தெடுங்கள்.

இழுவையும் உல்லாசமும்

ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி போன்றவற்றை இழுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. கொக்கி சேசிசில் போல்ட் போட்டுப் பிணைத்ததாக இருக்க வேண்டும், பம்பரில் அல்ல. ஏஸ் போன்ற சிறு எஞ்சின் வண்டிகள் இதற்கு ஏற்றவை அல்ல.

திருநள்ளாறு, வேளாங்கண்ணி என்று லோடு வண்டியின் பின்னால் ஜமுக்காளம் விரித்துக் குடும்பத்தை ஏற்றிச் செல்வது நம் பக்கத்து வழக்கம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்குக்கு உரியவரோ அவரது பிரதிநிதியோ சரக்கோடு வந்தால்தான் பாதுகாப்பு. உறவினர் ஒருவர் விழுந்து அடிபட்டால், அவரையும் பார்க்க வேண்டும், நஷ்ட ஈட்டையும் நம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். வெள்ளை போர்டு பிக்கப் வாங்கிக் கடைச் சரக்கை ஏற்றினால், விபத்தின்போது கிளெய்ம் சிக்கலாகும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றால் இரண்டும் உதவாது.

எனவே நம் கருத்து இதுதான்: கடைக்கு, மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட, பேப்பர் சுத்தமான, மீன் ஏற்றாத மஞ்சள் போர்டு வண்டி ஒன்று போதும். கோயிலுக்குப் போக அன்றைக்கு ஒரு வேனை வாடகைக்கு எடுங்கள். பழைய ஜீப்பின் மேல் ஆசை இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடையின் பிழைப்பை அதன்மேல் ஏற்றாதீர்கள்.

எல்லை தாண்டிச் சரக்கு எடுக்கும் நாளில் இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து தலத்தெருவுக்கு வருவதும் மாநிலம் விட்டு மாநிலம் வருவதுதான். 2018 ஏப்ரல் முதல், விலக்குப் பெற்ற சில பொருள்கள் தவிர, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். சொந்த வண்டியானாலும் பில் இல்லாமல் புறப்படாதீர்கள்.