பீலி சூடிய வேலும் மூன்று நட்சத்திர வீரனும்

'வீரன்' என்ற சொல்லை மதிப்பீட்டிலிருந்து பிரித்துப் பேச முடியாது. ஒருவனை வீரன் என்று சொன்ன உடனே எதில் வீரன், யாருக்காக வீரன், யார் சொல்லி வீரன் என்ற கேள்விகளும் கூடவே வந்து நின்றுகொள்கின்றன. பழைய பிரதிகள் தகடூர் என்றும் பஸ் பலகைகள் தருமபுரி என்றும் சொல்கிற இந்த மண்ணில் அக்கேள்விகளுக்கு வயது ஏறத்தாழ இரண்டாயிரம். இப்போது அவை கைபேசிக்குள் புகுந்திருக்கின்றன. ஒரு கைபேசிப் புதிர் விளையாட்டில் வீரனின் பலத்தையும் பயனையும் எப்படி அளக்கிறார்கள், அந்த அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதை விளக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. 'இதெல்லாம் ஒரு விஷயமாய்யா' என்று பக்கத்தைப் புரட்டப்போகும் நண்பருக்கு ஒரு வார்த்தை: ஓசூருக்கும் பெங்களூருக்கும் ஷிப்டுக்குப் போகிற நம் வீட்டுப் பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் வாசிக்கிற பிரதி இதுதான். நம் பத்திரிகை அல்ல.

நான் எடுத்துக்கொள்வது 'எம்பயர்ஸ் அண்ட் பஸில்ஸ்' என்ற ஆட்டம். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் உள்ள ஸ்மால் ஜெயன்ட் கேம்ஸ் 2017இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஜிங்கா அந்நிறுவனத்தின் 80 விழுக்காட்டை 56 கோடி டாலருக்குப் பேசி முடித்தது; 2022இல் ஜிங்காவையே டேக்-டூ விழுங்கியது. (மீன் கதைதான்.) ஆட்டம் எளிமையானது. குறுக்கே ஏழு, நெடுக்கே ஐந்து என்று கட்டங்கள்; அவற்றில் ஐந்து நிறக் கற்கள். ஒரே நிறத்தில் மூன்று கற்களைச் சேர்த்தால் அவை உடைந்து எதிரியின் மேல் பாயும். சிவப்பு பச்சையை வெல்லும், பச்சை நீலத்தை வெல்லும், நீலம் சிவப்பை வெல்லும். மஞ்சளும் ஊதாவும் ஒன்றையொன்று வாட்டும். உங்கள் அணியில் ஐந்து வீரர்கள். எந்த நிறக் கல் உடைகிறதோ அந்த நிற வீரனுக்குள் 'மானா' என்கிற மந்திர சக்தி நிரம்பும். நிரம்பியதும் அவன் தன் தனித்திறனைக் காட்டுவான்: அடிப்பான், குணப்படுத்துவான், எதிரியின் கண்ணைக் கட்டுவான்.

ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு சீட்டு உண்டு. அதில் தாக்குதல், தற்காப்பு, உடல்நலம் என்று மூன்று எண்கள், மானாவின் வேகம், தனித்திறன் பற்றிய இரண்டு மூன்று வரிகள். எல்லாவற்றுக்கும் மேலே, தலைமாட்டில், ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள். புதிதாக வருகிறவன் கண் முதலில் விழுவது நட்சத்திரத்தின் மேல். கொஞ்ச நாள் போனால் பெரிய எண்களைப் பார்ப்பான். ஆடித் தேர்ந்தவன் பார்ப்பது வேகத்தை.

இந்த வேகத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சீட்டு சொல்வதற்கும் களத்தில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி இங்கேதான் பச்சையாகத் தெரிகிறது. 'வேகம்' என்று குறித்த வீரனுக்கு 8 கற்கள் போதும். 'நடுத்தரம்' என்றால் 10. 'மெது' என்றால் 12. வாசிக்கும்போது சீரான படிக்கட்டாக இருக்கிறது. ஆனால் கற்கள் ஒவ்வொன்றாக உடைவதில்லை, பெரும்பாலும் மும்மூன்றாகத்தான் உடைகின்றன. எட்டுக்கு மூன்று முறை சேர்த்தால் ஆயிற்று. பத்துக்கு? மூன்று முறையில் ஒன்பதுதான் வரும், ஒன்று குறைகிறது, நான்காவது முறையும் சேர்க்க வேண்டும். பன்னிரண்டுக்கும் அதே நான்கு முறைதான். ஆகச் சீட்டில் ஒருவன் நடுத்தரம், ஒருவன் மெது. களத்தில் பல சமயம் இருவரும் ஒரே நேரத்தில்தான் எழுந்து நிற்கிறார்கள். மானாவைக் கூட்டுகிற துணைப்படை ஒன்றைச் சேர்த்து, நூற்றுக்குப் பதினொன்றுக்குச் சற்று மேல் ஏற்றிவிட்டால் நடுத்தர வீரன் ஒன்பது கல்லிலேயே நிரம்பிவிடுவான். அப்போது அவன் வேக வீரனுக்குச் சமம். வேறுபாடு வீரனுக்குள் இல்லை, அவனுக்கும் அவன் சூழலுக்கும் நடுவே இருக்கிறது. மொழியில் அர்த்தம் தனிச்சொல்லில் இல்லை, வேறுபாடுகளின் உறவில் இருக்கிறது என்று சசூரை முன்வைத்து நாம் பக்கம் பக்கமாக எழுதியதைத்தான் பையன்கள் விரல் விட்டு எண்ணித் தெரிந்துகொள்கிறார்கள்.

ஒரே ஒரு வீரனை எடுத்து எடைபோட்டுப் பார்ப்போம். பெயர் வூ காங். சீனத்தின் 'மேற்குத் திசைப் பயணம்' நாவலில் வருகிற குரங்கு அரசன்தான், சீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறான். மஞ்சள் நிறம், நான்கு நட்சத்திரம். அவன் திறன் ஒரு சூதாட்டம்: சகாக்கள் எல்லோருக்கும் தாக்குதல் 185 விழுக்காடு கூடும், ஆனால் 32 விழுக்காடு அடிகள் குறி தவறும். ஆட்டக்காரர்கள் வெகுகாலம் மனப்பாடமாக வைத்திருந்த எண்கள் இவை. தோராயமாகக் கணக்குப் போட்டால் 100 ஆக இருந்த அடி 285 ஆகிறது. அதில் நூற்றுக்கு 68தான் படும். சராசரி ஏறத்தாழ 194. அதாவது கிட்டத்தட்ட இரட்டிப்பு. (ஆட்டத்தின் உள்கணக்கு தாக்குதலையும் தற்காப்பையும் வகுத்துப் போடுவது, இன்னும் சிக்கலானது. நமக்கு இது போதும்.)

இவன் பலசாலியா? முப்பது பேர் வரை சேர்ந்த கூட்டணி ஒரு பூதத்தை அடிக்கும்போது இவனுக்கு இணை சொல்வது கஷ்டம். பூதத்தின் உயிர் பெரிது, அடிகள் ஏராளம். நாலு தவறினால் ஆறு பட்டு ஈடுகட்டிவிடும். அதே குரங்கு அரசனை இன்னொரு ஆட்டக்காரனின் அணிக்கு எதிரே நிறுத்துங்கள். அங்கே ஒரு அடி தவறினால் கதை முடிந்தது. தற்காப்பு அணியில் நிறுத்தினால் இன்னும் மோசம், கல்லை நகர்த்த நீங்களே அங்கு இல்லை. அவன் பெருக்கித் தருவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஆள், ஒரே எண்கள், மூன்று இடத்தில் மூன்று மதிப்பு.

என் அக்கா மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆட்டத்துக்கு இதுவரை ஒரு ரூபாய் கூடப் போடாதவன். அவனிடம், ஐந்து நட்சத்திர வீரன் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்றேன். "அப்படி சந்தோசப்பட்டுடாதீங்க மாமா. அவனுக்குத் தீனி போட்டு ஆளாக்கறதுக்குள்ள வருசம் ஓடிடும். அதுவரைக்கும் யாரு சண்ட போடறது? இந்த மூணு ஸ்டாருதான்" என்றான். சரியான பதில். மூன்று நட்சத்திர வீரன் 50ஆம் நிலையில் முழுமை அடைகிறான். ஐந்து நட்சத்திரக்காரன் 80 வரை ஏற வேண்டும், கடைசிப் படிக்கு எளிதில் கிடைக்காத பொருள்கள் வேறு வேண்டும். காசில்லாதவனுக்கு முழுதாக வளர்ந்த மூன்று, பாதியில் நிற்கிற ஐந்தைவிடப் பெரிது. மூன்று நட்சத்திரத்துக்கு மேல் அனுமதி இல்லாத போட்டிகளும் நடக்கின்றன. அங்கே பெரிய இடத்துப் பிள்ளைகள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அப்படியானால் நட்சத்திரம் எதை அளக்கிறது? அரிதை. அழைப்பு என்ற பெயரில் ஒரு சீட்டெடுப்பு இருக்கிறது. அதில் ஐந்து நட்சத்திரம் வர வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை எடுத்தால் கண்டிப்பாக ஒன்றாவது வந்துவிடும் என்றுதான் மனசு சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நூறு முறை எடுத்த நூறு பேரில் ஏறத்தாழ 22 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இவ்வகைச் சீட்டெடுப்புகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியபோது கண்ணில் நின்றது ரம்மி, போக்கர் முதலியன, பணம் வைத்துப் பணம் எடுப்பவை. இங்கே பணம் வைத்து வீரனை எடுக்கிறார்கள். அவனைத் திரும்ப விற்கவும் முடியாது. மார்க்ஸ் சொன்ன பயன்மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு என்ற இரட்டைக்குள் இந்த நட்சத்திரம் அடங்க மறுக்கிறது: பயனுக்கு உத்தரவாதம் இல்லை, பரிவர்த்தனைக்கு வழியே இல்லை. மிஞ்சுவது, போத்ரியார் 1972இல் எழுதிய குறியின் அரசியல் பொருளாதாரம் பேசுகிற குறிமதிப்பு மட்டும். என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லை.

இந்த வேறுபாட்டைத் தகடூரில் ஒருத்தி எப்போதோ சொல்லிவிட்டாள். அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஒளவை தொண்டைமானிடம் தூது போகிறாள். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டுகிறான். அவள் சொல்வதாக வரும் பாட்டு புறநானூற்றில் 95. இங்கே ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் பத்திரமாக இருக்கின்றன. அங்கே அஞ்சியின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்வதும் இகழ்வதுபோல் புகழ்வதும் என்று வகுப்பறையில் இதை அணியிலக்கணமாகச் சுருக்கிவிட்டார்கள். அது ஒரு மதிப்பீட்டு முறை. ஒப்பனை ஆயுதத்தின் பலத்தைச் சொல்லாது, தேய்மானம் சொல்லும். அக்கா மகனின் மூன்று நட்சத்திர வீரன் கொல்லன் பட்டறையில் கிடக்கிற வேல்.

இன்னொன்றும் கவனத்திற்குரியது. அதே ஒளவை அஞ்சி இறந்தபின் பாடிய பாட்டொன்று (232) இருக்கிறது. அதில் பீலி மறுபடி வருகிறது. இம்முறை அது சூட்டப்படுவது அவனுடைய நடுகல்லுக்கு. நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், சின்னக் கலத்தில் வார்க்கிற கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறாள். இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்தால் பீலி சேர்கிற இடங்கள் இரண்டு: சண்டைக்கே போகாத வேல், இனிச் சண்டைக்குப் போக முடியாத ஆள். உழைத்துக்கொண்டிருக்கிறபோது யாருக்கும் பீலி இல்லை.

நடுகல் என்றதும் நம் பக்கத்துக் கல்லுகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஏரிக்கரையிலும் கொல்லைமேட்டிலும் நிற்கிற வீரக்கல்லும் ஒரு சீட்டுதான். அதற்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு: எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் சேவகன், எந்த ஊர்த் தொறு, அதாவது மாட்டு மந்தை, இன்னார் பட்டான். மந்தையை மீட்டுச் செத்தவனுக்கும் கல் இருக்கிறது, மந்தையைக் கவரப்போய்ச் செத்தவனுக்கும் கல் இருக்கிறது. ஒரு கரையின் கள்ளன் மறுகரையின் வீரன். இடத்தைப் பொறுத்த மதிப்பு கல்லிலும் அதே. ஆனால் தலைமாட்டில் மன்னன் பெயர்தான், நட்சத்திரம் இருக்கிற இடத்தில். மந்தையை அன்றாடம் மேய்த்தவன் பெயரை இந்த வாய்ப்பாடு கேட்பதே இல்லை.

விதிவிலக்கு ஒன்று. அரூரைத் தாண்டிக் கிழக்கே போனால், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்து அவனருகே காத்து நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். எழுதச் சொன்னவர் யாரோ, வாய்ப்பாட்டுக்குள் இல்லாத ஒன்றைப் பார்த்திருக்கிறார். எனக்கு அந்தக் கல்மேல் அலாதிப் பிரியம்.

கல்லுக்கும் சீட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கல்லில் வெட்டியதை மாற்ற முடியாது. சீட்டின் எண்களை 'சமன்செய்தல்' என்ற பெயரில் நிறுவனம் நினைத்தபோது மாற்றுகிறது. நேற்று பாடுபட்டு வளர்த்த வீரன் இன்று காலை வேறு ஆளாக இருப்பான். ஆனால் கல்லிலும் எழுத்து தேய்கிறது. பல ஊரில் பெயர் வாசிப்பார் இல்லாமல் போய், வீரக்கல் 'வேடியப்பன்' ஆகிப் பொங்கல் வாங்கிக்கொள்கிறது.

தீனி என்று அக்கா மகன் சொன்னானே, அதைப் பேசாமல் விட்டால் இந்த மதிப்பீடு பாதிதான். இவ்வாட்டத்தில் ஒரு வீரனை வளர்க்க வேறு வீரர்களை அவனுக்குக் கொடுத்துக் கரைக்க வேண்டும். ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரக்காரர்கள் பெரும்பாலும் இதற்கே. அதே நிறமாக இருந்தால் பலன் கூடுதல்: சிவப்பனுக்குச் சிவப்பனைத்தான் போட வேண்டும், தன் நிறத்தான் தன் நிறத்தானைத் தின்று வளர்கிறான். தீனியாகிறவர்களுக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு, சீட்டில் ஒரு ஓவியர் உட்கார்ந்து வரைந்த உடையும் ஆயுதமும் உண்டு. எந்த மதிப்பீட்டுப் பட்டியலிலும் 'இவன் எத்தனை பேரைத் தின்றான்' என்ற பத்தி இல்லை. ஐந்து நட்சத்திரத்தின் பலத்தைச் சொல்லும்போது அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

போன மாதம் அவனுக்குச் சீட்டெடுப்பில் வூ காங் இன்னொரு பிரதி வந்தது. முதல் பிரதி ஏற்கெனவே முழுதாக வளர்ந்து பூதம் அடித்துக்கொண்டிருக்கிறது. பட்டியலில் இடம் இல்லை. இடம் கூட்ட வைரம் கேட்கிறது. "ரெண்டாவது குரங்கத் தீனி போட்டுடட்டுமா மாமா?" என்று கேட்டான். எவனுக்குப் போடப்போகிறாய் என்றேன். புதுசாக வந்த மஞ்சள் ஐந்து நட்சத்திரத்தைக் காட்டினான். இரண்டாவது பூத அணிக்கு ஆகும், ஒரு வாரம் வைத்திருந்து பார் என்றேன். வைத்திருக்கிறான்.