காலில் புள்ளி, மூட்டில் வலி: காரணம் கல்லீரல் வைரஸாக இருக்கலாம்!

கால்களில் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள், மூட்டுகளில் வலி, எந்நேரமும் அசதி. 'உடம்புச் சூடுதான், சரியாகிடும்' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஹெபடைடிஸ் சி வைரஸையும் சந்தேகிக்க வேண்டும்.

கல்லீரல் வைரஸுக்குக் காலில் என்ன வேலை?

ஹெபடைடிஸ் சி ரத்தம் வழியாகப் பரவுகிறது. பெரும்பாலானோருக்கு அறிகுறியே தெரியாமல் பல வருஷம் உடம்பில் தங்கிவிடும். அத்தனை வருஷமும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பி செல்கள் ஓய்வில்லாமல் தூண்டப்படுகின்றன. நாளடைவில் அவற்றில் சில கட்டுப்பாடு இழந்து, 'கிரையோகுளோபுலின்' என்ற புரதங்களை உருவாக்குகின்றன.

உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் படிவதும், சூடானால் கரைவதும் இவற்றின் குணம். சிறு ரத்தக்குழாய்களின் சுவரில் இவை படியும்போது அழற்சி ஏற்படுகிறது. தோலில் நடந்தால் புள்ளிகள், நரம்பில் நடந்தால் மரத்துப்போதலும் எரிச்சலும். சிறுநீரகத்தில் நடந்தால் சிறுநீரில் புரதமும் ரத்தமும் கலக்கும். சிலருக்கு, நீண்ட காலத்தில் லிம்போமா எனும் புற்றுநோயும் வரலாம்.

எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. இந்தப் புரதம் ரத்தத்தில் இருப்பவர்களில் பலருக்கு அறிகுறி எதுவும் வருவதில்லை.

எங்கே தவறு நடக்கிறது?

இந்த நோயாளிகளில் பலருக்கு 'ருமட்டாய்டு ஃபேக்டர்' டெஸ்ட் பாசிட்டிவ் என்றே வரும். கூடவே மூட்டு வலியும் இருந்தால், முடக்குவாதம் என்று தவறாக நினைக்க வாய்ப்பு அதிகம். 'ஆன்டி சிசிபி' டெஸ்ட் பெரும்பாலும் நெகட்டிவாக வருவதும், 'சி4' அளவு குறைந்திருப்பதும் டாக்டருக்குக் கிடைக்கும் துப்புகள்.

இன்னொரு சிக்கல் லேபில். கிரையோகுளோபுலின் டெஸ்ட்டுக்கு எடுத்த ரத்தத்தை, சீரம் பிரிக்கும்வரை 37 டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும். வழியில் ஆறிப்போனால் புரதம் முன்பே படிந்துவிடும். ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வந்துவிடலாம்.

குணமாகுமா?

ஆகும். வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகளைப் பொதுவாக 8 முதல் 12 வாரம் சாப்பிட்டால், 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு வைரஸ் முற்றிலும் நீங்குகிறது. தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் அவசியம்; அது இருந்தால் சிகிச்சையின்போது தீவிரமாகலாம்.

வைரஸ் போனதும் புள்ளிகளும் மூட்டு வலியும் பலருக்கு அடங்கும். நரம்பு, சிறுநீரகப் பாதிப்பு சரியாக நாளாகும். சிலருக்குப் புரதம் அதன் பிறகும் தொடர்வதால், ஃபாலோ-அப்பை விடக்கூடாது.

யார் டெஸ்ட் எடுக்கலாம்?

பல வருஷங்களுக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், சுத்தமில்லாத ஊசியில் டாட்டூ போட்டவர்கள் கட்டாயம் பார்க்கலாம். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 2018 முதல் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. அதனால், காரணம் பிடிபடாத மூட்டு வலியோ காலில் புள்ளிகளோ இருந்தால், 'ஹெபடைடிஸ் சி டெஸ்ட் பார்க்கலாமா டாக்டர்?' என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.