ஆவடி அறிந்த டாங்கியும் அறியாத பொறியாளரும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் பேருந்து பாரிவாக்கம் சந்திப்பைத் தாண்டித்தான் போகிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் சோவியத் வடிவமைப்பான டி-72 டாங்கிகள் ‘அஜெயா’ என்ற பெயரில் உருவாயின. அதனால் இந்த வட்டாரத்தில் சோவியத் பொறியியல் என்றால் இரும்பும் பீரங்கியும்தான் பேச்சில் வரும். அதே நாட்டில் வளர்ந்த இன்னொரு பொறியியலோ எந்தச் சத்தமும் போடாமல் பாரிவாக்கத்தின் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்தது. தொலைக்காட்சி என்ற அந்தப் பொறியியலுக்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் மார்க் கிரிவோஷேயெவ். தமிழில் அவரைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பழைய பிக்சர் டியூப் டிவியைப் போட்டதும் ‘கீ...’ என்று ஊசி போல ஓர் ஒலி வரும். பிள்ளைகளுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. மெக்கானிக்குகள் ‘ஈ.எச்.டி.’ என்று சொல்லும் டிரான்ஸ்பார்மர் அதிர்வதால் எழும் ஒலி அது. அதன் அதிர்வெண் வினாடிக்கு 15,625. ஒரு படத்துக்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள். இரண்டையும் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். மின்கற்றை திரையில் முதலில் ஒற்றைப்படைக் கோடுகளை வரையும், பிறகு இரட்டைப்படைக் கோடுகளை வரையும். ஆக வினாடிக்கு 50 அரைப்படங்கள். நம் வீட்டு மின்சாரமும் 50 சுழற்சிதான். இரண்டும் பொருந்திப் போனால் மின்சாரத்தின் இரைச்சல் படத்தில் அலையாக ஓடுவது குறையும்.

இந்த 625 எளிதில் முடிவான எண் அல்ல. பிரிட்டன் 405 கோடுகளில் ஒளிபரப்பியது, அமெரிக்கா 525 கோடுகளில். பிரான்ஸ் 819-க்குப் போனது. போருக்கு முன் மாஸ்கோவில் இருந்தது 343. போரில் நொறுங்கிய நாடு, பழைய கருவிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் புதிய அளவைத் தேர்ந்தெடுத்து, 1948-ல் மாஸ்கோ நிலையத்திலிருந்து 625 கோடுகளில் ஒளிபரப்பத் தொடங்கினார்கள். அந்த முயற்சியில் பங்கெடுத்த இளம் பொறியாளர்களில் ஒருவர் கிரிவோஷேயெவ். 1922-ல் உக்ரைனின் பொல்தாவாவில் பிறந்தவர். 1946-ல் மாஸ்கோவில் தகவல்தொடர்புப் பொறியியல் படித்து முடித்தவர். 1949-ல் வந்த கே.வி.என்-49 டிவியின் திரை உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தண்ணீரோ கிளிசரினோ நிரப்பிய லென்ஸை முன்னால் வைத்து, பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

அதே காலத்தில் சென்னையிலும் ஒருவர் முயன்றார். 1950 ஜனவரியில் தேனாம்பேட்டையில் நடந்த கண்காட்சியில் பி. சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர், ஒரு கடிதத்தை வருடி அதன் உருவத்தைக் கதோட் கதிர்க் குழாயின் திரையில் காட்டினார். நாளிதழில் செய்தி வந்தது. ஆனால் அந்த மாணவருக்குப் பின்னால் ஒரு நிலையமோ, ஆய்வுக்கூடமோ, அரசுத் திட்டமோ இல்லை. டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்க 1959 வரை ஆனது. சென்னையோ 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருந்தது. மாஸ்கோ இளைஞருக்கும் சென்னை இளைஞருக்கும் மூளையில் வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒருவரைத் தாங்க நிறுவனம் இருந்தது, மற்றவருக்கு இல்லை. 25 ஆண்டுகள் அங்கேதான் போயின.

கிரிவோஷேயெவின் சொந்தத் துறை அளவிடுதல். ஸ்டூடியோவில் கிளம்பிய படம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும்போது எங்கே, எவ்வளவு கெடுகிறது என்று கண்டுபிடிக்கும் முறைகளை வகுத்தார். அதைப் பற்றி நூலும் எழுதினார். கண்டுபிடிப்பாளர் என்றதும் நாம் ஒரு கருவியைத் தேடுகிறோம். அளவுகோலை உண்டாக்குபவரும் கண்டுபிடிப்பாளர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த அளவுகோல் புத்தியோடு அவர் ஜெனிவாவுக்குப் போனார். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் தொலைக்காட்சிக்கான 11-ஆம் ஆய்வுக் குழுவுக்கு 1970 முதல் 2000 வரை அவரே தலைவர். பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதும் அமெரிக்கரும் ஜப்பானியரும் ஐரோப்பியரும் அந்த சோவியத்காரரின் தலைமையில் உட்கார்ந்து பேசினார்கள். சோவியத் ஒன்றியமே கலைந்த பின்பும் அவர் அந்தப் பொறுப்பில் நீடித்தார்.

1982-ல் அந்தக் குழு செய்தது அழகான கணக்கு. படத்தை எண்களாக மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. 525 கோட்டு நாடுகளும் 625 கோட்டு நாடுகளும் ஒன்றுக்கொன்று இறங்கி வராது. இரண்டுக்கும் பொதுவாக வகுபடும் எண்ணாக, வினாடிக்கு 1 கோடியே 35 லட்சம் மாதிரிகள் என்று முடிவானது. அதன்படி 625 முறையில் ஒரு கோட்டுக்கு 864 மாதிரிகள், 525 முறையில் 858. ஆனால் படத்துக்குரிய பகுதியில் இருவருக்கும் ஒரே 720 புள்ளிகள். யாரும் தோற்கவில்லை. இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் அதே ஆண்டில்தான்.

உயர்தெளிவுத் தொலைக்காட்சியில் சண்டை இன்னும் கடுமை. ஜப்பான் 1125 கோடுகளை முன்வைத்தது. 1986-ல் துப்ரோவ்னிக் மாநாட்டில் ஐரோப்பா மறுத்துவிட்டது. பல்லாயிரம் கோடி ரூபாய்ச் சந்தை யார் கைக்குப் போகும் என்பதே அங்கே கேள்வி. 1990-ல் பாதி உடன்பாடு வந்தது. வினாடிக்கு எத்தனை படம் என்ற சண்டை ஒருபக்கம் இருக்கட்டும், படத்தின் அளவையாவது எல்லோருக்கும் ஒன்றாக வைத்துக்கொள்வோம் என்ற வழியில் பேச்சு நகர்ந்து, கிரிவோஷேயெவின் தலைமைக் காலம் முடிவதற்குள் 1920-க்கு 1080 என்ற அளவு உலகப் பொதுவானது. பூந்தமல்லி கடைகளில் டிவிப் பெட்டியின் மேல் ‘ஃபுல் எச்.டி.’ என்று ஒட்டியிருப்பது இந்த அளவைத்தான்.

கிரிவோஷேயெவ் 2018-ல், 96 வயதில் மாஸ்கோவில் காலமானார். பிக்சர் டியூப்கள் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. மொட்டைமாடி ஆன்டெனாக்களும் போய்விட்டன. ஆனாலும் பாரிவாக்கத்தில் செட்டாப் பாக்ஸ் வழியாக வரும் சாதாரண எஸ்.டி. சேனலில் படம் இன்றும் 576 கோடுகள்தான். 625-ல் 49 கோடுகள் திரைக்கு வராதவை. படத்தை நிலைநிறுத்தும் வேலைக்கு அவை. மீதி 576.