மொய் நோட்டில் கிடைத்த விலாசங்கள்

உங்கள் வீட்டு மொய் நோட்டு இப்போது எங்கே இருக்கிறது? பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில்தானே? யார் வீட்டு விசேஷத்துக்குப் போவதென்றாலும் எடுத்து ஒரு புரட்டுப் புரட்டி, "அவங்க நமக்கு எவ்வளவு செஞ்சாங்க?" என்று பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுவோம். அந்த நோட்டைக் கொண்டு, படுத்துப் போன ஒரு சின்னத் தொழிலை எழுப்பி உட்கார வைத்த ஒரு பெண்மணியைத் திருப்பூரில் எனக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார், போடவில்லை.

அவருடைய கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாரத்தில் ஆறு நாள் துணி வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமையானால் மேஜிக்! பிறந்த நாள், காதுகுத்து, தெரட்டிச் சீர், கோயில் நோம்பி என்று எங்கே கூப்பிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மடியில் ஒரு பேசும் பொம்மை. அதற்குச் சட்டை தைப்பது மனைவியின் வேலை. கட்டிங் வேஸ்ட் துணிக்குத் திருப்பூரில் பஞ்சமா என்ன? மகன் மைக்கையும் பாட்டையும் பார்த்துக் கொள்வான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பெட்டி பரண் மேல் ஏறியது. 2022-ல் ஊரெல்லாம் மறுபடி பந்தல் போட ஆரம்பித்தபோது இவர்களைக் கூப்பிடத்தான் யாருமில்லை. இரண்டு வருஷத்தில் மறந்தே போய்விட்டார்கள்!

"கம்பெனிச் சம்பளம் வாடகைக்கும் வாய்க்கும் சரியாப் போயிருங்க, அக்கா. மேஜிக் காசுதான் புள்ளையோட காலேஜ் பீஸு. அந்த வருஷம் வளையலை வெச்சுத்தான் கட்டினோம். அடுத்த வருஷத்துக்கு வெக்கறதுக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார்கள். நோட்டீஸ் அடித்து, பேப்பர் போடும் பையன்களிடம் கொடுத்து, செய்தித்தாளுக்குள் வைத்து வீடு வீடாகப் போட்டார்கள். காசு போனதுதான் மிச்சம். அந்த நோட்டீஸில் பக்கத்துக் கடைக்காரர் பொட்டலம் மடித்துக் கொண்டிருந்ததை இவரே கண்ணால் பார்த்திருக்கிறார்!

நோட்டீஸ் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டு சினிமா காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். 1916-ல் மின்சாரத்தில் ஓடும் அச்சகம் ஒன்றையும் வைத்துக் கொண்டார். எதற்கு? நோட்டீஸ் அடிக்கத்தான்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சினிமாவுக்கு ஊரில் யார் வேண்டுமானாலும் வரலாம். அதனால் யார் கையில் நோட்டீஸ் கிடைத்தாலும் லாபம்தான். பிறந்த நாள் மேஜிக் அப்படியா? குழந்தை இருக்கிற வீட்டுக்கு, அதுவும் அந்த ஒரு மாதத்தில்தான் அது தேவை. கல்யாணமாகாத பையன்கள் குடியிருக்கும் அறையில் அந்த நோட்டீஸ் என்ன செய்யும்?

யாருக்குத் தேவையோ அவர்கள் விலாசத்துக்கு மட்டும் கடிதம் போடுவது ஒரு தனி வியாபார முறை. அமெரிக்காவில் சிகாகோ நகரில் மாண்ட்கோமரி வார்டு என்பவர் 1872-ல் ஒரே ஒரு தாளில் சாமான்களின் பட்டியலை அச்சடித்துக் கிராமத்து வீடுகளுக்குத் தபாலில் அனுப்பித்தான் தம் கடையை வளர்த்தார். நூறு கடிதம் போட்டால் ஒன்றிரண்டு பேர் பதில் போட்டாலே போதும் என்று இந்தத் தொழிலில் உள்ளவர்கள் கணக்குச் சொல்வார்கள். முக்கியம், விலாசப் பட்டியல். அதற்கு எங்கே போவது?

இங்கேதான் மொய் நோட்டு வருகிறது. மகளின் தெரட்டிச் சீர் 2019-ல் நடந்தது. அந்த நோட்டில் ஊர், பேர், தொகை என்று பக்கம் பக்கமாக வரிசை. அவிநாசி, பெருமாநல்லூர், பல்லடம், காங்கயம் என்று சுற்று வட்டாரம் முழுக்க அதில் இருந்தது! எல்லாரும் இவர்களை அறிந்தவர்கள். அன்றைக்கு மேஜிக்கையும் பார்த்தவர்கள். நோட்டில் கதவு எண் இருக்காது. கிராமத்துக்கு ஊரும் பேரும் போட்டாலே தபால்காரர் கொண்டு போய்க் கொடுத்து விடுவார். டவுனுக்கு அது நடக்காதே! ஒவ்வொரு சொந்தக்காரராகப் போன் போட்டு, தெருவும் எண்ணும் பின்கோடும் கேட்டு எழுதிக் கொண்டார்.

நூறு தபால் கார்டு வாங்கினார். அப்போது ஒரு கார்டு 50 காசு. பனியனில் நெஞ்சுப் படம் அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை பக்கத்திலேயே இருந்தது. விஷயத்தை அழகாக அடித்து வாங்கிவிடலாம் என்று பார்த்தார். நல்லவேளை, அதற்கு முன் தபாலாபீஸ் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டார். அச்சடித்த கார்டுக்கு 50 காசு செல்லாது, 6 ரூபாய் ஆகும் என்றார்கள்! (நீங்கள் இதில் இறங்குவதானால் அன்றைய கட்டணத்தை முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.) ஆகவே நூறையும் கையாலேயே எழுதினார். ராத்திரி சமையல்கட்டை ஒழித்துப் போட்ட பிறகு தினமும் பத்துப் பத்தாக எழுதினாராம்.

"அன்புள்ள அண்ணாவுக்கு, பேரன் பேத்திகள் சௌக்கியமா? குழந்தைகள் பிறந்த நாளுக்கு வீட்டு வாசலிலேயே முக்கால் மணி நேரம் மேஜிக்கும் பேசும் பொம்மையும் வைத்துக் கொள்ளலாம். மேடை வேண்டாம். மைக் நாங்களே கொண்டு வருவோம்" என்று எழுதி, கட்டணத்தையும் போன் நம்பரையும் போட்டார். அவ்வளவுதான். கட்டணத்தைப் போட்டது கெட்டிக்காரத்தனம் என்பேன். "எவ்வளவு கேப்பாங்களோ" என்ற பயத்திலேயே நம்மில் பாதிப் பேர் போனை எடுப்பதில்லையே!

ஆடியில் விசேஷம் இருக்காது. அந்த மாதத்தில் எழுதி, ஆவணி பிறப்பதற்குள் போய்ச் சேருகிற மாதிரி போட்டார். சில கார்டுகள் திரும்பி வந்தன. லைன் வீடுகளில் இருந்தவர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். திருப்பூரில் இது சகஜம். நாலைந்து பேர் விசாரித்தார்கள். பிறகு ஒரு நாள் ஒரு போன் வந்தது.

"கார்டு வந்துச்சுங்க. அவரு போன வருஷம் மே மாசமே கொரோனால தவறிட்டாருங்க" என்றது ஒரு வயதான குரல்.

இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 2019 நோட்டு அல்லவா? நடுவில் என்னென்ன நடந்துவிட்டது! அந்த வீட்டுப் படியேறி 'அண்ணா சௌக்கியமா' என்று கேட்ட மாதிரி ஆகிவிட்டதே! மறுநாளே பஸ் ஏறிப் போனார். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. கார்டைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாராம்.

"அவரு பேருக்கு ஒரு லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு அம்மிணி. இது இருக்கட்டும். இனிமே போட்டா எம் பேருக்குப் போடு. இல்லாட்டி மருமக பேருக்குப் போடு. பேத்தி பொறந்த நாளு அவளுக்குத்தான் தெரியும்."

வீடு திரும்பி, நோட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பக்கம் முழுக்க ஆண்கள் பெயர்தான்! மொய் எழுதும்போது அப்படித்தானே எழுதுகிறோம்? ஆனால் குழந்தைக்கு எந்த மாதம் பிறந்த நாள், யார் யாரைக் கூப்பிடுவது, கேக்கா கேசரியா என்பதையெல்லாம் வீட்டில் முடிவு செய்வது யார்? புதிதாக ஒரு நோட்டுப் போட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, "கார்டு போடலாமுங்களா?" என்று கேட்டு, சரி என்றவர்களுக்கு மட்டும் தாயின் பெயர், குழந்தை பெயர், பிறந்த மாதம் எழுதினார். வேண்டாம் என்றவர்களை அடித்துவிட்டார். வருஷா வருஷம் கார்டு போடுமுன் சொந்தத்தில் விசாரித்துக் கொள்கிறார்.

இடையில் ஒருவர், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியுமாக ஒரு பட்டியலே தருகிறேன், காசு கொடுங்கள் என்று வந்தாராம். "என் புள்ளை தேதியை இப்படி எவனாச்சும் வித்தா நான் சும்மா இருப்பனா?" என்று அனுப்பிவிட்டார். 2023-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், கம்ப்யூட்டரிலும் போனிலும் ஏறுகிற குழந்தைகள் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றுதான் சொல்கிறது.

"வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஓசியாச்சே?" என்று கேட்டேன். "அனுப்பிப் பார்த்தோமுங்க, அக்கா. காலை வணக்கத்துக்கு அடியில போயிருது. கார்டுன்னா மாமியார் படிக்கறாங்க, புள்ளைக படிக்குது. பொம்மைப் படம் வரைஞ்சு விட்டா குழந்தைக அதைப் புடிச்சுக்கிட்டு அழுகுது!"

தாய்மார் பெயருக்குக் கார்டு போக ஆரம்பித்த பிறகு மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது வேலை இருக்கிறதாம். மார்கழியில் ஒன்றுமில்லை. காலேஜ் பீஸுக்கு அடுத்த வருஷம் எதையும் அடகு வைக்கவில்லை. முதலில் வைத்த வளையலை மீட்க இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. பிறந்த நாளுக்கு மேஜிக் பார்த்த வீட்டில், அங்கே வந்திருந்த தாய்மாரிடம் கேட்டு நோட்டில் எழுதிக் கொள்வதால் பட்டியலும் தானாக வளர்கிறது.

அந்தப் பேத்தியின் பிறந்த நாளுக்கும் போய் வந்திருக்கிறார்கள். பேசும் பொம்மை பாட்டியிடம் வெற்றிலை கேட்டதாம். பாட்டியும் கொடுத்தாராம்.

நான் கிளம்பும்போது நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தார். "உங்க பேரனுக்கு எந்த மாசமுங்க, அக்கா?"