கையெல்லாம் ஈரம்!

டிராயிங் ஷீட்டில் கை பட்ட இடமெல்லாம் கோடு கலைந்து கருப்படிக்கும். வொர்க்‌ஷாப்பில் ஃபைல் வழுக்கும். பளபளவென்று தேய்த்து வைத்த இரும்புத் துண்டில் மறுநாளே துரு! வகுப்புக்கு ஓரிருவராவது இப்படி இருப்போம். "என்னடா, பயமா?" என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நம் உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கூலிங் டவர் வேலைதான். ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் சுரப்பிகள் வெயிலைவிட மனசுக்குத்தான் அதிகம் கட்டுப்படும். எங்களைப் போன்றவர்களுக்குச் சுரப்பி நன்றாகவே இருக்கிறது. அதை இயக்கும் பரிவு நரம்புகள்தான் தேவைக்கு மேல் சிக்னல் அனுப்புகின்றன. இது பரம்பரையாகவும் வரும். தூங்கும்போது நின்றுவிடும்.

அந்தக் கடைசி அடையாளத்தைக் கவனியுங்கள். தூக்கத்திலும் பாய் நனையுமளவு வியர்த்தால், கூடவே எடை குறைந்தால், அது காசநோயாகவோ தைராய்டு கோளாறாகவோ இருக்கலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, வைத்தியம்? முதலில் அலுமினியம் குளோரைடு கரைசல். ராத்திரி நன்றாக உலர்ந்த கையில் தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். வியர்வைத் துவாரங்களை இது அடைக்கும். சிலருக்கு அரிப்பு வரும்.

அடுத்தது எலெக்ட்ரிகல் நண்பர்களுக்குப் பிடித்த சமாச்சாரம். 'அயன்டோஃபோரெசிஸ்' என்று பெயர். இரண்டு தட்டுகளில் குழாய்த் தண்ணீர், அதில் இரண்டு கை, 15 முதல் 20 மில்லி ஆம்பியர் டி.சி. மின்சாரம், சுமார் 20 நிமிடம். வாரம் மூன்று தடவை செய்தால் சில வாரங்களில் வியர்வை குறையும். லேப் பவர் சப்ளையை வைத்து நாமே செய்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாமப்பா! அதற்கென்றே உள்ள கருவியில், டாக்டர் சொன்னபடிதான்.

போடாக்ஸ் ஊசியின் பலன் சில மாதங்கள் நிற்கும். செலவு அதிகம், உள்ளங்கையில் வலியும் அதிகம். நெஞ்சுக்குள் நரம்பைத் துண்டிக்கும் ஆபரேஷனும் உண்டு. கை காய்ந்துவிடும், ஆனால் பலருக்கு முதுகும் வயிறும் வியர்க்கத் தொடங்கிவிடும். என்னைக் கேட்டால், எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக அதை யோசிக்கலாம்.

இன்னொன்று. உலர்ந்த தோலின் மின்தடை 1 லட்சம் ஓம் வரை இருக்கும். நனைந்தால் 1,000 ஓமுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த 100-ஏ போதும். அதனால்தான் மெஷின்ஸ் லேபில் சுவிட்சைத் தொடுமுன் நான் துண்டைத் தேடுகிறேன். சிரிக்காதீர்கள்!